முதல் பந்தியில் மணிமுத்து

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். கீழே பஞ்சர் ஒட்டுகிற சத்தமும் மேலே கீபோர்டு தட்டுகிற சத்தமும் நாள் முழுக்க ஒன்றோடொன்று போட்டி போடும். ஆனந்தவள்ளிக்கு இரண்டும் பழகிப்போனவை. ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் காதில் ஒன்றுமே விழவில்லை. திரையில் எரிந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

விளக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏட்டு நம்பிராஜனின் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொடுத்து வேலைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பாவிடம் சண்டை போட்டுச் சேர்ந்தவள். கற்றுக்கொடுத்தவர் வல்லிநாயகம். சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரில் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி ஆரம்பித்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

ஏட்டையாவுக்கு ஒவ்வொரு சீசனுக்கும் குற்றாலத்தில் எண்ணெய்க் குளியல் போட்டாக வேண்டும். வேறு யாரிடமும் உட்கார மாட்டார், மணிமுத்துவிடம்தான் உட்காருவார். "கைன்னா இது கைலே! கழுத்து வலி எங்க போச்சுன்னே தெரியல" என்று வாயாரப் புகழ்வார். துண்டும் சோப்புமாகக் கூடவே போன மகள், அந்தக் கைக்காரனின் சிரிப்பில் விழுந்துவிட்டாள். விஷயம் தெரிந்த அன்று ஏட்டையா சொன்ன ஒரே வார்த்தை: "எண்ணெய் தேய்க்கிறவனுக்கா?" அவள் அவனையே கட்டிக்கொண்ட பிறகு அவர் மகளோடும் பேசவில்லை, கழுத்து வலிக்கு மணிமுத்துவிடமும் போகவில்லை.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் வேண்டுமென்றே கேட்பார்கள்.

"ஏட்டி வள்ளி, உன் வீட்டுக்காரரு என்ன செய்யுதாரு?"

"குத்தாலத்துல இருக்காரு, மதினி."

"லாட்ஜு வச்சிருக்காரோ?"

கேட்டுவிட்டு வாயை முந்தானையால் மூடிக்கொள்வார்கள். ஆனந்தவள்ளி ஒரு நாளும் அழுததில்லை. அந்தச் சிரிப்பெல்லாம் உள்ளே போய் ஒரு மூலையில் கெட்டிப்பட்டுக் கிடந்தது. வேலையில் யாரும் தன்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பாக அது வளர்ந்தது. அந்த வீம்புதான் அன்று அவளைப் பழி வாங்கக் காத்திருந்தது.

குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, மலையடிவாரத்தில் தனியார் தோப்புகளுக்குள் நாலு குளியல் துறைகள். பெரிய அருவிகளில் இடிபட முடியாதவர்கள் அங்கே போவார்கள். மேலே காட்டோடையில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு துறைக்கும் ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். அது கீழே சேதி அனுப்பும். தண்ணீர் சட்டென்று ஏறினாலோ, சென்சார் பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டாலோ, துறையில் சைரன் ஊத வேண்டும். குளிப்பவர்கள் கரையேறிவிட வேண்டும். சேதியை வாங்கி, சைரனை ஊதச் சொல்கிற மென்பொருள்தான் வல்லிநாயகம் கம்பெனியின் வேலை.

மென்பொருள் ஒரு தடவை எழுதி மூடி வைக்கிற சமாச்சாரம் இல்லை. திருத்திக்கொண்டே இருப்பார்கள். யாராவது ஒருவர் நாலு வரி எழுதிச் சேர்த்ததும், இயந்திரம் தானாகவே அதை எடுத்து நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. பச்சை வந்த பிறகும் அது துறைக்குப் போக ஒரு மனிதர் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த மனிதர் ஆனந்தவள்ளி. அனுப்பலாமா, நிறுத்தலாமா என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம்.

அவர்களுக்கென்று இரண்டு வழக்கங்கள் இருந்தன.

ஒன்று, புதுசை நாலு துறைக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப மாட்டார்கள். கல்யாணச் சாப்பாடு போலப் பந்தி பந்தியாகத்தான். முதல் பந்தி, கூட்டம் குறைவான துறைக்கு. அங்கே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, உப்பு புளி சரியாக இருக்கிறதென்று தெரிந்தால் அடுத்தது. கூட்டம் குறைவான துறை நெல்லித்தோப்பு. மணிமுத்து எண்ணெய் தேய்ப்பது அங்கேதான்.

இன்னொரு வழக்கம் கொஞ்சம் விளையாட்டாக ஆரம்பித்தது. சில சோதனைகள் ஒரு தடவை சிவப்பு காட்டும், மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும். காரணம் பிடிபடாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றுக்கு 'சாரல்' என்று பெயர் வைத்தார்கள். சாரலுக்கு யாராவது குடை பிடிப்பார்களா? வரும், நனைக்கும், போய்விடும். சாரல் பட்டியலில் போட்ட சோதனை சிவப்பானால் இயந்திரம் நிற்காது. திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரு தடவை பச்சை வந்தால் போதும் என்று மேலே போய்விடும்.

சனிக்கிழமை சிவப்பு காட்டியது அப்படி ஒரு சோதனைதான். சென்சார் பேசாமல் போனால் சைரன் ஊதுகிறதா என்று பார்க்கிற சோதனை.

"அக்கா, அது சாரல். மறுபடி ஓட்டுதேன்" என்றான் லிங்கேஸ்வரன். புதுசின் பெரும்பகுதி அவன் எழுதியது.

ஓட்டினான். சிவப்பு. மறுபடி ஓட்டினான். பச்சை.

"பாத்தியளா?"

அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முஹ்ஸினா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். சோதனைகள் எல்லாம் அவள் பொறுப்பு. "போன மாசம் எப்பவாச்சும் செவக்கும். இந்த வாரம் அடிக்கடி செவக்குது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, அக்கா."

"உனக்கு எப்பதான் நல்ல மாதிரி இருந்திருக்கு?" என்று லிங்கேஸ்வரன் சிரித்தான்.

நிதானமாக உட்கார்ந்து பார்க்க அன்று நேரம் இல்லை. சென்சாரின் சேதிகளைச் சுமந்து வருகிற வெளியூர்க் கம்பெனி ஒன்று, தன் பழைய தடத்தை அன்று சாயங்காலம் ஆறு மணியோடு மூடப்போகிறது. புதுத் தடத்தில் சேதியை வாங்கத் தெரிந்தது புதுசுக்கு மட்டும்தான். ஆறு மணிக்குள் புதுசு போகாவிட்டால் நாலு துறைகளின் சைரன்களும் குருடாகிவிடும். முன்பே தெரிந்த தேதி. சீசன் வேலைகளில் தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசி நாளில் வந்து நின்றிருந்தார்கள். வெளியே சாரல் அடித்தது. மலை முழுக்க மேகம். துறைகளில் விடுமுறைக் கூட்டம்.

வல்லிநாயகம் அறையிலிருந்து வந்தார். "என்னம்மா, போட்டாச்சா?"

"ஒரு டெஸ்ட்டு முரண்டு பிடிக்கு, அண்ணாச்சி."

"பச்சை வந்துட்டுல்லா?"

"வந்துட்டு."

அவர் போகவில்லை. மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மொதப் பந்தி நெல்லித்தோப்புக்குத்தான? அங்கன மணிமுத்து இருப்பான். வேணும்னா இந்தத் தடவை கருங்கல்மடைத் தொறைக்கு மொதல்ல போடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

பாசத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனந்தவள்ளியின் காதில் அது கல்யாண வீட்டுச் சிரிப்பாக விழுந்தது. லிங்கேஸ்வரன் திரும்பிப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருக்கிறான். முஹ்ஸினாவின் விரல்கள் நின்றுவிட்டன. கருங்கல்மடைக்கு மாற்றினால், புருஷனைக் காப்பாற்ற ஊரானைப் பலி கொடுத்தாள் என்பார்கள். நிறுத்தினாலோ, எண்ணெய்க்காரனுக்காகக் கம்பெனியையே நிறுத்தினாள் என்பார்கள்.

"எதுக்கு மாத்தணும்?" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வழக்கம் எதுவோ அதுதான். நெல்லித்தோப்புக்கே போடுதேன்."

சோதனையைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. தன்னைப் பற்றித்தான் யோசித்தாள். தன் முகத்தில் கறை விழக் கூடாது என்று நினைத்த அந்த நொடியில் விரல் பொத்தானில் விழுந்துவிட்டது.

புதுசு நெல்லித்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தது. திரையில் அந்தத் துறையின் கட்டம் பச்சையானது.

இனிக் காத்திருக்க வேண்டும். பந்தி பார்க்கிற நேரம். இந்த நேரத்தில் அவள் பொதுவாக ஒரு டீ குடிப்பாள். டீ வந்தது. ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை. கீழே டயர் கடைக்காரர் யாரிடமோ, "மேல நல்ல மழை போல, வேய்" என்று சொல்வது கேட்டது.

"அக்கா." முஹ்ஸினா கூப்பிட்ட விதம் சரியில்லை.

"என்ன?"

"நெல்லித்தோப்பு சென்சார் ஒரே நம்பரையே சொல்லிக்கிட்டு இருக்கு."

ஆனந்தவள்ளி எழுந்து வந்து பார்த்தாள். தண்ணீர் மட்டம் காட்டுகிற எண் அசையாமல் நின்றது. மற்ற மூன்று துறைகளின் எண்கள் கொஞ்சம் ஏறுவதும் இறங்குவதுமாக உயிரோடு இருந்தன. அதே மலை, அதே மழை. நெல்லித்தோப்பு மட்டும் செத்த கண்ணைப் போல விழித்துக்கொண்டிருந்தது. கட்டம் என்னவோ பச்சைதான்.

"சேதி வருதுல்லா?" என்றான் லிங்கேஸ்வரன். "வராம இருந்தா சைரன் ஊதியிருக்குமே."

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்தது. சென்சார் பேசாமல் போனால் சைரன் ஊத வேண்டும். ஊதுகிறதா என்று பார்க்கிற சோதனைதான் மத்தியானம் சிவப்பாக எரிந்தது.

"பழசுக்குத் திருப்பிருவோம், அக்கா!"

"திருப்புனா சர்வர் நின்னு எந்திரிக்கணும்லே. அது வரைக்கும் அங்கன எதுவுமே இருக்காது." மலையில் மழை. மேலே என்ன நடக்கிறதென்று தெரியாது. திருப்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்துவிட்டால்?

இன்னொரு வழி இருந்தது. கையால் சைரனை ஊதலாம். அதற்கும் திரையில் ஒரு பொத்தான் உண்டு. ஆனால் தோப்புக்காரரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. போன சீசனில் ஒரு தடவை சைரன் சும்மா ஊதி, ஜனங்கள் அடித்துப் பிடித்து ஓடி, பாசியில் வழுக்கி விழுந்து பெரிய ரகளை. அப்போது போட்ட கட்டுப்பாடு. சும்மா ஊதினாலும் ஆள் விழும். ஊதாமல் விட்டால்?

வல்லிநாயகம் தோப்புக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஆனந்தவள்ளி தன் போனை எடுத்தாள். யாருக்குப் போடுகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை, கை போட்டது. எண்ணெய்க் கையோடு அவன் போனைத் தொடவே மாட்டான் என்று தெரியும். ஆனாலும் போட்டாள். அடித்தது. அடித்தது. ஐயோ, எடுங்களேன் என்று அவள் முணுமுணுத்தாள்.

"என்னட்டி, இந்த நேரத்துல?" பின்னால் தண்ணீர் இரைந்தது. பிள்ளைகள் கூவினார்கள். "ஒரு பெரியவரு உக்காந்திருக்காரு. அவரே பட்டனை அமுக்கி என் காதுல வச்சுக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் சொல்லு."

"நீங்க... நீங்க அங்கனயிருந்து மேல வந்துருங்க."

"ஏன்? என்ன ஆச்சு? உனக்கு மேலுக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. நீங்க வாங்க."

"பைத்தியமாட்டி நீ? ஒரு வேன் நிறைய வந்து எறங்கியிருக்கு, கேரளாக்காரங்க. பச்சப் புள்ளைக எல்லாம் தண்ணிக்குள்ள கெடந்து ஆடுது. இப்பதான் பொழப்பே சூடு பிடிக்கு. இப்பப் போய் வாங்கிறியே?"

பச்சைப் பிள்ளைகள் தண்ணீருக்குள்.

ஆனந்தவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் புருஷனை மட்டும் கூப்பிட அவள் கை நீண்டிருக்கிறது. அப்படியென்றால் தான் அனுப்பியதை அவள் நம்பவில்லை. நம்பாத ஒன்றை, யாரென்றே தெரியாத அந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

போன் மேஜையில் விழுந்தது. மணிமுத்துவின் "ஏட்டி, ஏட்டி" அதில் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, நான் ஊதுதேன்."

"இரும்மா, அவர் எடுக்கட்டும்..."

அவள் ஊதிவிட்டாள்.

மேஜையில் கிடந்த போனுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் முனகலாக, பிறகு காதைக் கிழிக்கும் ஓலமாக. அதோடு கூச்சல். பெண்களின் அலறல். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரல்கள். மணிமுத்து யாரையோ, "ஓடாதீங்க, பிடிச்சு ஏறுங்க, பாசி, பாசி!" என்று கத்துவது கேட்டது. பிறகு போன் அறுந்துபோனது.

அலுவலகத்தில் முஹ்ஸினா வாய்க்குள் என்னவோ ஓதிக்கொண்டிருந்தாள். தோப்புக்காரர் போனை எடுத்ததும், சைரன் ஓய்வதற்கு முன்பே அவர் திட்டு வல்லிநாயகத்தின் காதில் ஊதியது. எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்று அவர் வாயாலேயே கேட்ட பிறகுதான் ஆனந்தவள்ளி லிங்கேஸ்வரனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் பழசுக்குத் திருப்பினான்.

அன்று பெரிய வெள்ளம் எதுவும் வரவில்லை.

வந்திருந்தால் அவள் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். மாலை போட்டிருப்பார்கள். நெல்லித்தோப்பில் தண்ணீர் செம்மண் நிறமாகிப் படியில் முழங்கால் உயரம் ஏறியது, பிறகு வடிந்துவிட்டது. வேனில் வந்த ஒரு அம்மாள் ஓடும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். தோப்புக்காரருக்கு அது போதும். "வெள்ளமும் வரல ஒரு மண்ணும் வரல, சும்மா ஊதி ஆளுக கைய ஒடைச்சுட்டிய" என்று அவர் கத்தியது, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபோதும் எல்லோருக்கும் கேட்டது.

லிங்கேஸ்வரன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். காட்டில் ஒரு கிளை முறிந்து விழுந்து சென்சாரின் வயரை அறுத்திருந்தது. சென்சார் செத்துவிட்டது. புதுத் தடத்தில் ஒரு பழக்கம் உண்டு. சேதி நின்றுபோனால், கடைசியாக வந்த சேதியையே திரும்பத் திரும்ப அனுப்பும். அவன் எழுதிய புதுசு அதைப் புதுச் சேதி என்று நம்பிக்கொண்டிருந்தது. சில நேரம் சோதனையில் அந்த மறுசேதி பிந்தி வரும், அப்போது பச்சை. முந்தி வந்தால் சிவப்பு. சாரல் என்று நினைத்தது சாரலே இல்லை.

"என் தப்புக்கா" என்றான். கண் கலங்கியிருந்தது.

"எழுதுனது நீ. அனுப்புனது நான்லே" என்றாள் அவள்.

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வல்லிநாயகம் நாற்காலியில் தொய்ந்து கிடந்தார். "இப்ப என்னம்மா செய்ய? மூணு துறைக்காவது புதுசைப் போட்டுருவோமா? அங்கன சென்சாரெல்லாம் நல்லாத்தான இருக்கு? திங்கக்கிழமை சரி பண்ணிக்கிடலாம்."

"அங்கன ஒரு கிளை முறியாதுன்னு சொல்லுவியளா, அண்ணாச்சி?"

"அப்ப? ஆறு மணிக்கு மேல சைரனே கெடையாது. தொறையை மூடுங்கன்னா சொல்லச் சொல்லுத? சனி, ஞாயிறு. சீசன். என்னைக் கொன்னுருவானுக."

"மூடத்தான் சொல்லணும். நீங்க சொல்ல வேண்டாம். அனுப்ப மாட்டேன்னு சொன்னது நான். நானே பேசுதேன்."

நாலு பேருக்கும் அவளே பேசினாள். முதலில் பேசியவர் மரியாதையாகத் திட்டினார். அடுத்தவர் மரியாதை இல்லாமல் திட்டினார். மூங்கில்பாறைத் துறைக்காரர், "உங்க சகவாசமே வேண்டாம். சீசன் முடிஞ்சதும் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சொன்னபடியே செய்தார். கம்பெனிக்கு அது பெரிய அடி. ஆனாலும் நாலு பேரும் துறையை மூடினார்கள். சைரன் கிடையாது என்று தெரிந்த பிறகு திறந்து வைக்கிற தைரியம் அவர்களில் யாருக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணிமுத்து வாசலில் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"எவனோ ஒரு மூதேவி சும்மா ஊதிட்டான்ட்டி. எல்லாம் தட்டுக்கெட்டு ஓடி... அந்தம்மாவ நாந்தான் தூக்கிட்டு வந்தேன். பாவம், என்னா அழுகை!" சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன?"

"அந்த மூதேவி நாந்தான்."

அவன் பிழிவதை நிறுத்தினான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு விளக்கு, பந்தி, அண்ணாச்சி மாற்றச் சொன்னது, தான் மறுத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. மறுத்ததற்குக் காரணம் கேட்டபோது அதையும் சொன்னாள். "உங்களுக்காக நிறுத்துனேன்னு ஒருத்தரும் சொல்லிரக் கூடாதுன்னு..."

"ஓஹோ." அவன் சட்டையைக் கொடியில் போட்டான். ஒரு முறை உதறினான், மறுபடி உதறினான். "எண்ணெய்க்காரன் பொண்டாட்டின்னு பேரு வரக் கூடாது. அதுக்கு எண்ணெய்க்காரன் செத்தாலும் பரவாயில்ல."

"ஐயோ, அப்படி இல்லீங்க!"

"பின்ன எப்படி?"

அவன் உள்ளே போய்விட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டதிலேயே கடினமான கேள்வி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை துறைகள் மூடிக் கிடந்ததால் அவனும் வீட்டில்தான் கிடந்தான். சோறு போட்டால் சாப்பிட்டான். கேட்டால் தலையாட்டினான். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் வேற்று ஊர்க்காரர்களைப் போல நடமாடினார்கள். அப்பா பேசாமல் போனபோது இவன் தோளில் சாய்ந்து தாங்கிக்கொண்டாள். இப்போது இவனே பேசாவிட்டால் எங்கே போய்ச் சாய்வது?

சாயங்காலம் அவளால் முடியவில்லை. அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைய நாலு அடி அடிச்சிருங்க. பேசாம மட்டும் இருக்காதிய."

அவன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான். பல வருட எண்ணெயில் ரேகைகள் மழுங்கிப்போன கைகள்.

"நான் ஒண்ணு கேக்கேன். புதுசைப் போடப்போறோம், கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்குன்னு நீ காலையிலயே சொல்லியிருந்தா, நான் போயிருக்க மாட்டேன்னா நினைச்ச? போயிருப்பேன். வேல அங்கனதான் இருக்கு. ஆனா ஒரு கண்ணு மலையப் பாத்துக்கிட்டே இருந்திருப்பேன். புள்ளைகள ஆழத்துல விட்டிருக்க மாட்டேன். பந்தி பந்திங்கிறியே, பந்தியில உக்காந்தவனுக்கு, தான் சாப்பிடுதோம்னாவது தெரியும்ட்டி. எங்களுக்கு எல போட்டதே தெரியாது."

ஆனந்தவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். அவன் கோபம் தணியவில்லை. ஆனால் பேசிவிட்டான். அது போதும் என்று அவளுக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவள் செய்த முதல் வேலை சாரல் பட்டியலை அழித்தது. அதிலிருந்த சோதனைகள் எல்லாம் மறுபடி வாசலுக்கு வந்து நின்றன. எது சிவப்பானாலும் இனி எதுவும் நகராது. லிங்கேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, அப்ப நாம வாரக்கணக்குல ஒண்ணும் அனுப்ப முடியாது!"

"முடியாதுன்னா அனுப்ப வேண்டாம். ஒவ்வொண்ணா உக்காந்து பாரு. முஹ்ஸினாவுக்கு என்னமோ மாதிரி இருந்தா நீயும் நில்லு, நானும் நிக்கேன்."

அவளே இன்னொன்றையும் சேர்த்தாள். எந்தத் துறைக்குப் புதுசு போகிறதோ, அந்தத் துறையில் நிற்கிற மனிதரிடம் முதலில் சொல்ல வேண்டும். அவர் குளிப்பவர்களைக் கரையேற்றிவிட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் பொத்தான்.

"தோப்புக்காரனுக ஒத்துக்கிட மாட்டானுகம்மா" என்றார் வல்லிநாயகம்.

"ஒத்துக்கிட்டாத்தான் அனுப்புவேன், அண்ணாச்சி. இல்லன்னா வேற யாரையாவது பொத்தான அமுக்கச் சொல்லுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அந்த அறையில் வேறு யாரும் அதைத் தொட முன்வரவில்லை.

துறைகள் திறக்காமல் கிடந்த அந்த நாட்களில் வசவுக்குப் பஞ்சமே இல்லை. திட்டிக்கொண்டேதான் தோப்புக்காரர்கள் அவள் சொன்னதற்கு ஒப்புக்கொண்டார்கள். லிங்கேஸ்வரன் எழுதினான், முஹ்ஸினா அதில் ஓட்டை பிடித்தாள், அவன் மறுபடி எழுதினான். அந்தச் சோதனையை முஹ்ஸினா ஓட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூடச் சிவக்காத பிறகுதான் ஆனந்தவள்ளி வீட்டில் வாயைத் திறந்தாள்.

"இன்னைக்குப் புதுசு போடுதோம். மொதப் பந்தி உங்க எடந்தான்."

மணிமுத்து எண்ணெய்ப் புட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். "உப்புப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. இருந்தாலும் சொல்லுதேன்."

"ம்." பையைத் தோளில் மாட்டினான். வாசல் வரை போனவன் திரும்பினான். "நான் எறங்கச் சொல்லுத வரைக்கும் ஒருத்தனும் தண்ணியில எறங்க மாட்டான். நீ நிதானமாப் போடு."

அன்று நெல்லித்தோப்பில், தலையில் எண்ணெய் வழிய வழியக் கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "என்னய்யா, வந்த எடத்துல இப்படி ஊறப் போட்டுட்டிய?" மேலே காட்டில் தோப்புக்காரரின் ஆள் ஒருவர், சொன்ன நேரத்தில் சென்சாரின் வயரைப் பிடுங்கினார். எல்லோரும் சைரன் கம்பத்தையே பார்த்தார்கள். அலுவலகத்தில் ஆனந்தவள்ளி திரையைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

தண்ணீரின் இரைச்சல். ஒரு குழந்தையின் சிணுங்கல். மணிமுத்துவின் மூச்சு.

பிறகு அந்த ஓலம்.

"ஊதிட்டுட்டி!" என்று அதற்கு மேலாக அவன் கத்தினான். "நல்லா ஊதிட்டு! காது போச்சு!"

முஹ்ஸினா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். லிங்கேஸ்வரன் அவள் முதுகில் ஒரு பேனாவால் தட்டி, "இப்பவாச்சும் நல்ல மாதிரி இருக்கா?" என்றான். வல்லிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா, அடுத்தது கருங்கல்மடை. போட்டுருவோமா?"

ஆனந்தவள்ளி பொத்தானைத் தொடவில்லை. கருங்கல்மடையில் நிற்கிற மேஸ்திரியின் எண்ணைத் தேடிப் போட்டாள்.

"அண்ணாச்சி, தென்காசியிலருந்து ஆனந்தவள்ளி பேசுதேன். குளிக்க வந்தவங்கள கொஞ்ச நேரம் தண்ணியில எறங்காம கரையிலயே இருக்கச் சொல்லணும்..."

"அன்னைக்குத் தொறைய மூட வச்ச பொண்ணு நீதானாம்மா?" என்று அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "இரு, சொல்லிட்டு வாரேன். வச்சிராத."

அவள் வைக்கவில்லை. காத்திருந்தாள்.